ஏழு மாசக் குழந்தைக்கு எதுக்குங்க சிலபஸ்?

பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட் ரிவ்யூ, அரியர்னு நமக்கு ஆயிரம் கவலை இருக்கும்போது, கைக்குழந்தைங்க விளையாடுற சாஃப்ட் பிளாக்ஸ் பத்தி எதுக்கு ஒரு கட்டுரைன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உங்க அக்காவுக்கோ அண்ணனுக்கோ கல்யாணம் ஆகியிருக்கும், இல்ல ஆகப்போகுது. இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அதுக்குள்ள நீங்க மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா. இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் கைக்கு வந்த மாசமே வீட்டுல ஒருத்தர் கேப்பாங்க, "பாப்பாவுக்கு என்ன வாங்கிட்டு வந்த?"ன்னு. உடனே போனை எடுத்துத் தேடுவீங்க. முதல் பக்கத்துலயே சாஃப்ட் பிளாக்ஸ் வந்து நிக்கும்.

துணி உறை போட்ட ஸ்பாஞ்ச் கட்டைகள், அமுக்குனா கீச்சுன்னு கத்துற ரப்பர் கட்டைகள், கலர் கலரா ஃபோம் கட்டைகள். ஒவ்வொண்ணுக்கும் கீழ வரிசையா வாக்குறுதிகள். மூளை வளர்ச்சி. ஐக்யூ. லாஜிக்கல் திங்கிங். "ஸ்டெம் ரெடி". பொறந்து 200 நாள் ஆன ஒரு ஜீவன் ஸ்டெம் ரெடி ஆகணுமாம். நாலு வருஷமா பீஸ் கட்டிப் படிக்கிற நாமளே இன்னும் ரெடி ஆகலை, அது வேற விஷயம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். சாஃப்ட் பிளாக்ஸ் நல்ல பொம்மை, தாராளமா வாங்கலாம். ஆனா கடைல நிக்கும்போது "இது குழந்தையோட மூளைக்கு என்ன பண்ணும்?"னு கேக்காதீங்க. "இது குழந்தையோட வாய்க்கும் தொண்டைக்கும் என்ன பண்ணும்?"னு மட்டும் கேளுங்க. மூளைக்கான பதில் அந்தப் பெட்டிக்குள்ள இல்லை. ஏன் இப்படிச் சொல்றேன்னு விளக்குறேன்.

குழந்தை அதை வச்சு என்னதான் பண்ணும்?

நாம பிளாக்ஸ்னு சொன்னதும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி டவர் கட்டுறதுதான் ஞாபகம் வரும். கைக்குழந்தைக்கு அந்த ஐடியாவே கிடையாது.

மூணு மாசம் வரைக்கும் அது பாக்கும், அவ்வளவுதான். அதுவும் 20, 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்குறதுதான் நல்லாத் தெரியும். அது பெரும்பாலும் தூக்கி வச்சிருக்கிறவங்க முகமா இருக்கும். அந்த வயசுக்கு பிளாக்ஸே தேவையில்லை.

நாலு, அஞ்சு மாசத்துல கை நீளும். எட்டிப் பிடிக்கும். பிடிச்சதும் நேரா வாய்க்குப் போகும். நமக்கு வெர்னியர் எப்படியோ, குழந்தைக்கு வாய் அப்படி. மெத்துனு இருக்கா, கடினமா இருக்கா, மூலை எங்க இருக்கு, எல்லாத்தையும் வாய்லதான் அளந்து பாக்கும். கட்டை மெத்துனு இருக்கணும்னு சொல்றதுக்கு உண்மையான காரணம் இதுதான். படுத்துக்கிட்டு கைல பிடிச்சிருக்கிற கட்டை நழுவி மூஞ்சி மேல விழும். மரக்கட்டையா இருந்தா வீடே அலறும். துணிக் கட்டையா இருந்தா ஒண்ணும் ஆகாது.

ஆறு மாசத்துல இருந்து ஒன்பது மாசத்துக்குள்ள ரெண்டு புது வித்தை வரும். ஒரு கைல இருக்கிறதை இன்னொரு கைக்கு மாத்துறது ஒண்ணு. ரெண்டு கைலயும் ஒவ்வொண்ணு வச்சுக்கிட்டு டப்பு டப்புன்னு மோதுறது இன்னொண்ணு. கவனிச்சீங்களா? இதுக்குத் தேவை மொத்தம் ரெண்டு கட்டை. இருபத்தி நாலு பீஸ் செட்டு இல்லை.

எட்டு, ஒன்பது மாசத்துல இன்னொரு பெரிய விஷயம் நடக்கும். கட்டையைத் துண்டுக்குக் கீழ மறைச்சா, முன்னாடி "சரி, போயிடுச்சு"ன்னு விட்டுடுற குழந்தை, இப்போ துண்டைத் தூக்கிப் பாக்கும். கண்ணுக்குத் தெரியலைன்னாலும் பொருள் அங்கதான் இருக்கும்னு அதுக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை வச்சு பக்கம் பக்கமா எழுதியிருக்கார். இந்தப் பரிசோதனைக்குத் தேவையான லேப் உபகரணம் ஒரு கட்டை, ஒரு துண்டு.

அப்புறம் கீழ போடுற காலம். நாற்காலில உக்கார வச்சா கட்டையைக் கீழ போடும். நீங்க எடுத்துத் தருவீங்க. மறுபடி போடும். பத்தாவது தடவை உங்களுக்கு வெறுப்பாகும். ஆனா ஒரு பொருளைப் பிடிக்கிறதை விட, நினைச்ச நேரத்துல விரலைத் திறந்து அதை விடுறது குழந்தைக்குக் கஷ்டமான வேலை. அதுதான் அங்க பழகிட்டு இருக்கு. கூடவே, "நான் போட்டா சித்தி எடுப்பாங்க"ங்கிற விதியையும் கண்டுபிடிக்குது.

அடுக்குறது எல்லாம் இதுக்கு அப்புறம்தான். அதுக்கும் முன்னாடி வர்றது தட்டி விடுறது. நீங்க அடுக்குவீங்க, அது இடிக்கும், ரெண்டு பேரும் சிரிப்பீங்க. மாசக்கணக்குல இதுதான் ஆட்டம்.

ராத்திரி 2 மணி மெசேஜ்

இது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? என் பெரியப்பா பொண்ணு, அக்கா, ஐடி வேலைல இருக்காங்க. லீவு முடிஞ்சு மறுபடி ஆபீஸ் போக ஆரம்பிச்சு கொஞ்ச நாள். போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி 2 மணிக்கு எனக்கு ஒரு மெசேஜ். "பாப்பாவுக்கு 7 மாசம் ஆச்சு. பிளாக் அடுக்கவே மாட்டேங்குறா. தூக்கிப் போடுறா, இல்ல கடிக்கிறா. பெட்டில 6 மாசத்துல இருந்து அடுக்கிக் கத்துக்கலாம்னு போட்டிருக்கு. நான் வேலைக்குப் போறதாலயா?"

இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. "நான் வேலைக்குப் போறதாலயா?"

ஒரு பெட்டில யாரோ விளம்பரத்துக்காக எழுதின ஒரு வரி. அது ஒரு அம்மாவைத் தூங்கவிடாம பண்ணியிருக்கு. நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான்.

அன்னைக்கு ராத்திரி நான் தேடிப் படிச்சதுல கிடைச்ச பதில் ரொம்பச் சாதாரணமா இருந்துச்சு. அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி, குழந்தைகளோட வளர்ச்சிப் படிகளை ஒரு பட்டியலா வெளியிடுது. 2022ல திருத்தின அந்தப் பட்டியல்ல, 9 மாசத்துல எதிர்பார்க்கிறது ரெண்டு பொருளை ஒண்ணோட ஒண்ணு மோதுறது. 1 வயசுல, ஒரு கட்டையைக் கிண்ணத்துக்குள்ள போடுறது. குறைஞ்சது ரெண்டு சின்னப் பொருளை ஒண்ணு மேல ஒண்ணு வைக்கிறது எப்போன்னு பாத்தா, 15 மாசம்! ஏழு மாசப் பாப்பா தூக்கிப் போட்டு, கடிச்சு, அதோட வேலையைச் சரியாத்தான் பாத்துட்டு இருந்திருக்கு.

இவ்வளவு தூரம் அமெரிக்கா போகணும்னும் இல்லை. நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் அங்கன்வாடிலயும் தர்ற தாய் சேய் பாதுகாப்பு அட்டை பல வீடுகள்ல தடுப்பூசித் தேதிக்கு மட்டும்தான் திறக்கப்படுது. அதுலயே எந்த மாசத்துல குழந்தை என்ன செய்யும்னு படம் போட்டு இருக்கு. உண்மையாவே சந்தேகம் வந்தா கேக்க வேண்டிய ஆள் குழந்தை டாக்டர். பொம்மைப் பெட்டி இல்லை.

நம்ம தலைமுறை எப்படி வளர்ந்துச்சுன்னு நமக்குத் தெரியும். எல்கேஜி இன்டர்வியூ, ஆறாம் கிளாஸ்ல ஃபவுண்டேஷன் கோர்ஸ், பதினொண்ணுல ரெண்டு வருஷச் சிலபஸ். யாரோ ஒருத்தரை விட நாம ஒரு அடி பின்னாடி இருக்கோம்ங்கிற பயத்தை வச்சே நமக்கு எல்லாத்தையும் வித்தாங்க. அந்த ரேஸோட ஸ்டார்டிங் லைனை இப்போ தொட்டில் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டாங்க. கிஃப்ட் வாங்குற நாமளும் அந்தக் கயித்தைப் பிடிச்சு இழுக்கணுமா?

"ஆராய்ச்சி சொல்லுது" கதை

"இல்லைங்க, பிளாக்ஸ் வச்சு விளையாடினா மொழித்திறன் வளரும்னு ஆராய்ச்சியே இருக்கு"ன்னு யாராவது சொல்லலாம். இருக்கு. பொய் இல்லை. ஆனா நாம இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்ஸ். முடிவை மட்டும் படிக்காம, எக்ஸ்பெரிமென்ட் செட்டப்பையும் படிக்கணும்.

2007ல அமெரிக்காவுல டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழு வெளியிட்ட ஆய்வு அது. ஒன்றரையில இருந்து ரெண்டரை வயசுக் குழந்தைகள் இருக்கிற குடும்பங்கள்ல ஒரு பாதிக்கு பிளாக்ஸ் கொடுத்தாங்க. சில மாசம் கழிச்சுப் பாத்தா, அந்தக் குழந்தைகளோட மொழி மதிப்பெண் கூட இருந்துச்சு. கவனத்திறன்ல குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியலை. இப்போ செட்டப்பைப் பாருங்க. குழந்தைகள் கைக்குழந்தைகள் இல்லை. ஆய்வுக்குப் பண உதவி செஞ்சது ஒரு பிளாக்ஸ் கம்பெனி. முக்கியமா, பிளாக்ஸோட சேத்து, "இதை வச்சு குழந்தையோட எப்படியெல்லாம் விளையாடலாம்"னு பெற்றோருக்கு ஒரு குறிப்பும் கொடுத்தாங்க. அப்போ மார்க் வாங்கினது கட்டையா, கூட உக்காந்த அம்மா அப்பாவா?

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தோட அன்னா சோசா 2016ல வெளியிட்டது. 10ல இருந்து 16 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைகள், 26 ஜோடி. அவங்க வீட்டுலயே மூணு விதமான பொருள் கொடுத்து விளையாடச் சொல்லி, பேச்சை ரெக்கார்ட் பண்ணாங்க. ஒண்ணு, பாட்டுப் பாடி லைட் எரியுற எலக்ட்ரானிக் பொம்மைகள். ரெண்டு, ரப்பர் பிளாக்ஸ் மாதிரி சாதா பொம்மைகள். மூணு, கெட்டி அட்டைப் புத்தகங்கள். எலக்ட்ரானிக் பொம்மை பேசினப்போ பெரியவங்க பேசுறது குறைஞ்சு போச்சு. பொம்மைதான் பேசுதே, நாம எதுக்குன்னு விட்டுட்டாங்க போல. அதிகமா பேச்சு வந்தது எதுல தெரியுமா? புத்தகத்துல. பிளாக்ஸ் நடுவுலதான்.

மூணாவது, டொலிடோ பல்கலைக்கழகத்துல 2018ல வந்தது. 36 குழந்தைகள், எல்லாம் ரெண்டு வயசைச் சுத்தி. ஒரு தடவை 4 பொம்மை இருக்கிற ரூம், இன்னொரு தடவை 16 பொம்மை இருக்கிற ரூம். 4 பொம்மை இருந்தப்போதான் ஒவ்வொண்ணோடவும் கூட நேரம், விதவிதமா விளையாடினாங்க. நமக்கே பத்து டேப் திறந்து வச்சா எதுவும் படிக்க முடியறதில்லை, அதே கதைதான்.

எல்லாமே சின்னச் சின்ன ஆய்வுகள். இதை வச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மூணும் கைகாட்டுற திசை ஒண்ணுதான். பொம்மை எளிமையா இருக்கணும். எண்ணிக்கை குறைவா இருக்கணும். கூட ஒரு ஆள் இருக்கணும்.

பிளாக்ஸுக்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. 1837ல ஜெர்மனியோட பாட் பிளாங்கன்பர்க்ல ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டுக் கூடம் ஆரம்பிச்சார். கிண்டர்கார்ட்டன்கிற வார்த்தையே அவர் வச்சதுதான். அவர் குழந்தைகளுக்காக வரிசையா சில பொருள்களை வடிவமைச்சார். மரக்கட்டைகள் அதுல பிரபலம். ஆனா வரிசைல முதல் பொருள் மரம் இல்லை. கம்பளி நூல்ல செஞ்ச ஆறு கலர் மெத்துனு இருக்கிற பந்துகள். முதல்ல மெதுமையானது, அப்புறம்தான் கடினமானதுன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. கட்டடக்கலை மேதை ஃபிராங்க் லாயிட் ரைட் தன் வெற்றிக்கு ஃப்ரோபெல் கட்டைகளைக் காரணமாச் சொல்வார். சில பேர் இதைக் காட்டி, "பாத்தீங்களா, சின்ன வயசுலயே வாங்கிக் கொடுக்கணும்"பாங்க. 1876ல பிலடெல்பியா கண்காட்சில அவர் அம்மா அந்தக் கட்டைகளைப் பாத்து வாங்கினப்போ ரைட்டுக்கு வயசு ஒன்பது. ஒன்பது மாசம் இல்லைங்க, ஒன்பது வருஷம்.

வாங்கும்போது இன்ஜினியர் மாதிரி பாருங்க

சரி, வாங்கப் போறீங்க. இங்கதான் நம்ம படிப்பு உதவும். ஸ்பெக்கை எப்படிப் படிக்கணும்னு பாப்போம்.

*மார்க்.* 2021 ஜனவரி 1ல இருந்து, 14 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதிப் பொம்மைக்கும் சேத்துத்தான். பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்யுறதுக்கும் புவிசார் குறியீடு வாங்கின பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. சாதா பொம்மைக்கான தர எண் ஐஎஸ் 9873. முத்திரைக்குக் கீழ "சிஎம்/எல்"னு ஆரம்பிக்கிற லைசன்ஸ் நம்பர் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்தக் கம்பெனியோட லைசன்ஸ்னு காட்டும். ஒரு நிமிஷ வேலை. "பிரெயின் டெவலப்மென்ட்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கிற பெட்டில இந்த முத்திரை இருக்கான்னு முதல்ல தேடுங்க.

*சைஸ்.* 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கான பொம்மையைச் சோதிக்க ஒரு சிலிண்டர் இருக்கு. உள்விட்டம் 31.7 மி.மீ., அடிப்பக்கம் சாய்வா இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, இன்னொரு பக்கம் 57.1 மி.மீ. சின்னக் குழந்தையோட தொண்டை அளவைக் கணக்குல வச்சு வடிவமைச்சது. பொம்மையோ, அதுல இருந்து கழண்டு வர்ற பாகமோ, அமுக்காமலே இதுக்குள்ள முழுசா அடங்கினா ஃபெயில். கட்டை இதை விட நல்லாப் பெருசா இருக்கணும். ஆனா பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் கட்டையை ஆறு மாசக் குழந்தையால ஒரு கைல பிடிக்க முடியாது. பெருசாத்தான் கிடைக்குதுன்னா, பிடிக்கிறதுக்கு ஓரத்துல சின்னதா துணி மடிப்பு தச்சதாப் பாருங்க. நீளமான நாடா, ரிப்பன் தொங்குறது வேண்டாம், கழுத்துல சுத்திக்கும்.

*தையல்.* துணிக் கட்டைல முக்கியமான பாகம் இதுதான். டெஸ்ட்ல தையலை 70 நியூட்டன் விசையோட இழுத்துப் பாப்பாங்க. கிட்டத்தட்ட ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. நீங்க கடைல ரெண்டு கையால இழுத்துப் பாருங்க. நூல் விலகி உள்ள இருக்கிறது தெரிஞ்சா அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க. பல கட்டைகளுக்குள்ள சத்தத்துக்கு ஒரு குட்டி மணி இருக்கும். தையல் பிரிஞ்சா அந்த மணி நேரா வாய்க்குத்தான் போகும். பட்டன் கண்ணு, ஒட்டின பாசி, ஜிகினா எதுவும் வேண்டாம். படம் அச்சடிச்சதாவோ நூல்ல தச்சதாவோ இருந்தாப் போதும்.

*உள்ள என்ன?* பஞ்சு அடைச்ச கட்டைன்னா ஆறு முகமும் உப்பிக்கிட்டு குட்டித் தலகாணி மாதிரி ஆயிடும். தொடுற பரப்பு குறையுறதால மேல வைக்கிற கட்டை வழுக்கிக்கிட்டே இருக்கும். ஸ்பாஞ்சைச் சதுரமா வெட்டி உறை போட்டதுன்னா முகம் தட்டையா இருக்கும், ஓரளவு நிக்கும். கடிச்சு விளையாட மட்டும்னா எது வேணாலும் சரி. உறையே இல்லாத வெறும் ஃபோம் கட்டை கைக்குழந்தைக்கு வேண்டாம். பல்லு முளைச்சதும் பிச்சுத் தின்னுடும்.

*தண்ணி.* எல்லாம் எச்சில்ல ஊறப்போகுது, அதனால துவைக்க முடியணும். ஸ்பாஞ்ச் சீக்கிரம் காயாது. நம்ம ஊர் நவம்பர் மழைல ரெண்டு நாள் ஈரமா கிடந்தா உள்ளயே பூஞ்சை பிடிக்கும். வெயில்ல நல்லாக் காயப் போட முடியுமான்னு யோசிச்சு வாங்குங்க. கீச்சுன்னு கத்துற ரப்பர் கட்டைல அடியில ஒரு ஓட்டை இருக்கும். குளிக்க வைக்கும்போது போட்டா அது வழியா தண்ணி உள்ள போய் வெளியவே வராது, உள்ள கறுப்பா படியும். வெள்ளைத் துணியை நனைச்சு கட்டை மேல நல்லாத் தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா அது குழந்தை வயித்துக்குத்தான் போகும். திறந்ததும் பெயின்ட் கடை மாதிரி மூக்கைத் துளைக்கிற வாசனை வந்தாலும் வேண்டாம்.

*பேட்டரி, காந்தம்.* லைட்டு எரியுறது, பாட்டுப் பாடுறது, ஒட்டிக்கிற காந்தக் கட்டை எதுவும் இந்த வயசுக்கு வேண்டாம். முழுங்கின பட்டன் பேட்டரியோ காந்தமோ குடலைக் கிழிக்கிற அளவுக்குப் போகும். பெட்டி ஓரத்துல "3 வயசுக்குக் கீழ வேண்டாம்"னு குறி இருக்கான்னும் பாருங்க. முன்பக்கம் கைக்குழந்தை சிரிக்கிற போட்டோ இருந்தாலும் நம்ப வேண்டியது ஓரத்துல இருக்கிற குறியைத்தான்.

கடைசியா ஒண்ணு, இதை வீட்டுல கட்டாயம் சொல்லுங்க. மெத்துனு இருக்கேன்னு தூங்குற குழந்தை பக்கத்துல, தொட்டிலுக்குள்ள இதைப் போட்டு வைக்கக் கூடாது. ஒரு வயசு வரைக்கும் தூங்குற இடத்துல மெத்துனு இருக்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாதுன்னு குழந்தை மருத்துவர்கள் சொல்றாங்க. மூக்கை அடைச்சா அதால திரும்பிப் படுக்கத் தெரியாது. முழிச்சிருக்கும்போது, தரைல, யாராவது கண்ணு முன்னாடி இருக்கும்போது மட்டும்.

எத்தனை வாங்கலாம்? நாலுல இருந்து ஆறு. அதுக்கு மேல ஒவ்வொரு கட்டையும் துவைக்கிற வேலையை அக்காவுக்குக் கூட்டுறீங்க, அவ்வளவுதான். குழந்தைக்கு ஒன்றரை வயசு தாண்டி நிஜமாவே கட்ட ஆரம்பிச்சா, மெத்துனு இருக்கிற கட்டை அதுக்கே போதாது. அப்போ மரக்கட்டை வாங்கிக் கொடுங்க. சாஃப்ட் பிளாக்ஸோட ஆயுசு கிட்டத்தட்ட ஒரு வருஷம். அதுக்கு எவ்வளவு செலவு பண்ணணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

வாங்காமலும் விளையாடலாம்

காசு இல்லைன்னா குழந்தை பின்தங்கிடுமோன்னு யாரும் பயப்பட வேண்டாம். வீட்டுல தையல் மெஷின் இருந்தா, இல்ல தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்ட சொன்னா, பழைய பருத்திப் புடவைல ஆறு சதுரம் வெட்டி, உள்ள ஸ்பாஞ்சை வச்சு, ரெட்டைத் தையல் போட்டுத் தருவாங்க. திருப்பூர்ப் பசங்க கட்பீஸ் பனியன் துணில இன்னும் மெத்துனு செய்யலாம். மணி, பட்டன் மட்டும் வைக்காதீங்க.

அதுவும் வேண்டாமா? சமையல் ரூமுக்குப் போங்க. கழுவின அஞ்சறைப்பெட்டிக் கிண்ணம், சின்ன டம்ளர், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற டப்பா. நம்ம பாட்டிங்க இதை வச்சுத்தான் ஒரு தலைமுறையையே உக்கார வச்சாங்க. போடலாம், எடுக்கலாம், தட்டலாம், அடுக்கலாம். ஐக்யூன்னு எதுலயும் எழுதியிருக்காது.

"எல்லாருக்கும் கூட உக்கார நேரம் இருக்கா? ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல பொம்மைதான் உதவி"ன்னு நீங்க சொல்லலாம். ஒத்துக்கிறேன். அம்மா ஒருத்தரே எப்பவும் கூட உக்காரணும்னு நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னா பெட்டி கொடுத்த அதே குற்ற உணர்ச்சியை நானும் கொடுத்த மாதிரி ஆயிடும். குழந்தை தனியா விளையாடுறதும் நல்லதுதான். அம்மா பக்கத்துல காய் நறுக்கிக்கிட்டே "என்ன, கீழ போட்டுட்டியா?"ன்னு கேட்டாலே போதும். அப்பா உக்காரலாம், தாத்தா உக்காரலாம். முக்கியமா, வீட்டுக்கு வந்தா போனோட ஒரு மூலைல சாயுற நாம உக்காரலாம்.

எப்படி விளையாடணும்னு தெரியலைன்னா, குழந்தை பண்றதையே திருப்பிப் பண்ணுங்க. அது தட்டினா நீங்களும் தட்டுங்க. அது பாக்குற கட்டையோட பேரைச் சொல்லுங்க, "சிவப்பு, மெத்துனு இருக்கா?"ன்னு. தமிழ்லயே பேசுங்க. நான் இங்கிலீஷ் மீடியம்தான், எனக்கும் "ரெட் பிளாக்"னுதான் முதல்ல வாய்ல வரும். ஆனா வீட்டுல யாரும் "ரெட்"னு கூப்பிடாத ஒரு வார்த்தையை, ஏழு மாசக் குழந்தைக்கு எதுக்கு இன்டர்வியூவுக்குச் சொல்லித் தர்ற மாதிரி சொல்லணும்? அப்புறம், அது உங்களைப் பாத்து ஏதாவது சத்தம் போட்டா, பதில் சொல்லுங்க. அது முகத்தைத் திருப்பிக்கிட்டா போதும்னு அர்த்தம், நிறுத்திடுங்க. இவ்வளவுதான் மொத்தச் சிலபஸ். யூனிட் டெஸ்ட் கிடையாது.

இந்த செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறவங்க, நாலு கட்டை வாங்கிட்டுப் போங்க, கூட ஒரு அட்டைப் புத்தகமும். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போனைத் தூரமா வச்சுட்டு பாயை விரிச்சு உக்காருங்க. குழந்தையோட அம்மாவுக்கு அந்த இருபது நிமிஷம் சூடா ஒரு காபி குடிக்கக் கிடைக்கும். உங்க கிஃப்ட்ல விலை அதிகமானது அதுதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நம்ம லேப்ல 3டி பிரிண்டர் ரிவ்யூ வாரம் தவிர மத்த நாள்ல சும்மாத்தான் நிக்குது. மேல சொன்ன அளவுல அந்தச் சோதனை சிலிண்டரை டிசைன் பண்ணி பிரிண்ட் எடுக்க மெக்கானிக்கல் நண்பர்கள் யாராவது ரெடியா? சாயம் கூட வேண்டாம், பத்து பீஸ் போதும். நம்ம ஸ்டாஃப் வீடுகள்லயும் கேன்டீன் அக்கா வீட்டுலயும் கைக்குழந்தை இருக்கு. ஸ்டெம் ரெடியா இருக்க வேண்டியது நாமதானே!